பலகைக்கு முன்னால் முளைத்த புல்

அம்மிணி,

செவ்வாய்க்கிழமை காலைத் தபாலில் உன் கடிதம் வந்தது. நான் இரண்டு முறை படித்தேன். உன் அம்மாவுக்கு ஒரு முறை வாசித்துக் காட்டினேன். நீ எழுதியிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். எங்காவது தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் நீ திருத்த வேண்டும். விளம்பரமும் மக்கள் தொடர்பும் சொல்லித்தரும் அந்தப் படிப்பில் மற்ற எல்லாத் தாள்களிலும் தேறிவிட்டாய். தகவல் தொடர்புக் கோட்பாடு என்ற ஒரு தாளில் மட்டும் தோற்றுவிட்டாய். ஆவணியில் அதை மறுபடி எழுதலாம்; அதற்கான விண்ணப்பத்தை இந்த மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் நீ கொடுக்கப் போவதில்லை. மெட்ராஸை விட்டு வந்து, இங்கே நம் ஊருக்குப் பக்கத்தில் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் டைப்பிஸ்ட் வேலைக்குச் சேரப் போகிறாய். காரணம் என்று ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாய்: "அப்பா அன்றைக்குச் சொன்னதுதான் சரி, இது படித்து வருகிற விஷயமில்லை."

அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நான் சொன்னது சரியில்லை. அது சரியில்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் சொன்னேன் என்பதை நீ விண்ணப்பத்தைக் கிழித்துப் போடுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும்.

தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது நடந்தது. முன்னறையில் நானும், கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த என் பத்திரிகை நண்பர்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். என்ன படிக்கிறாய் என்று அவர்களில் ஒருவர் கேட்டார். நீ பழைய செய்தித்தாள் ஒன்றின் ஓரத்தில் பென்சிலால் படம் போட்டுக் காட்டினாய். இடது பக்கம் ஒரு கட்டம், சொல்கிறவர். வலது பக்கம் ஒரு கட்டம், கேட்கிறவர். நடுவில் ஒரு கோடு, செய்தி போகிற வழி. அந்தக் கோட்டின் மேல் சிறு சிறு பெருக்கல் குறிகள் போட்டு, இது இரைச்சல், செய்தியைப் போக விடாமல் கெடுப்பது எல்லாம் இதில் அடங்கும் என்றாய். கடைசியாக வலது கட்டத்திலிருந்து இடது கட்டத்துக்குத் திரும்பி வருகிற மாதிரி, கீழே வளைந்த ஓர் அம்பு போட்டாய். அதற்கு நீ பெயர் சொல்வதற்குள் நான் குறுக்கே விழுந்தேன். "ஒருத்தன் சொல்றான், இன்னொருத்தன் கேக்கறான். இதுக்கு எதுக்கு அம்மிணி படம்? இதைப் படிக்கறக்கா மெட்ராசுக்குப் போன?" நண்பர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ பென்சிலை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாய். அவர்கள் போன பிறகு உன் அம்மா என்னிடம் கேட்டாள்: "ஏனுங்க, அந்தப் புள்ள முழுசாச் சொல்லி முடிக்கறவரைக்குமாவது பொறுத்திருக்கக் கூடாதுங்களா?" அந்த வளைந்த அம்பைப் பார்த்தபோது எனக்குச் சூரியநெல்லி ஞாபகம் வந்துவிட்டது. அதை மறைக்கத்தான் சிரித்தேன்.

நான் சித்திரபுரத்தில் அறை எடுத்துத் தங்கி, மலைச் செய்திகளை எழுதி அனுப்பிக்கொண்டிருந்த வருடங்கள் உனக்குத் தெரியும். மாதம் ஒரு முறை வீட்டுக்கு வருவேன். பைக்குள் தேயிலைப் பொட்டலம் இருக்கும். நீ அப்போது நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ. நான் அங்கே என்ன எழுதினேன் என்று உன்னிடம் பெருமையாகச் சொன்னது நிறைய. இதை மட்டும் சொன்னதில்லை.

சூரியநெல்லிக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட். அதன் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு வரை தமிழில் சொல்லித்தந்தார்கள்; அதற்கு மேல் மலையாளம்தான். ஐந்தாம் வகுப்பைத் தமிழில் தொடங்கலாம், ஆனால் போதுமான பெற்றோர் முன்வந்து பெயர் கொடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எஸ்டேட்டின் வெல்ஃபேர் ஆபீசர் ஒரு மலையாளி, சிறு வயது, நல்லவர். தமிழ் தெரிந்த ஒருவரை வைத்துத் தெளிவான தமிழில், பெரிய எழுத்தில் நோட்டீஸ் எழுதி, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற மஸ்டர் கொட்டகைப் பலகையில் ஒட்டினார். இரண்டு வாரம் அவகாசம். பெயர் கொடுத்தவர்கள் இரண்டே பேர். இரண்டு பேருமே ஆபீசில் வேலை செய்கிறவர்கள்.

எனக்கு எஸ்டேட் ஆபீசிலிருந்து ஒரு குறிப்பு வந்தது. நான் எப்போதும் குறிப்பை அப்படியே போடுகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். நேரில் போனேன். வெல்ஃபேர் ஆபீசரைக் கேட்டேன். "நோட்டீஸ் ஒட்டியல்லோ சாரே, ரெண்டு வாரம் வச்சு. ஒருத்தரும் வரலை. நான் இனி என்ன செய்யும்?" என்றார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. தலைமை ஆசிரியரைக் கேட்டேன், ஆமாம் என்றார். ஆபீஸ் ரைட்டரைக் கேட்டேன், பதிவுப் புத்தகத்தையே எடுத்துக் காட்டினார். நோட்டீசின் நகலை வாங்கிப் படித்தேன். ஒரு பிழை இல்லை. மூன்று பேரிடம் சரிபார்த்த செய்தி. "பெற்றோர் ஆர்வம் காட்டாததால் தமிழ் வகுப்பு இல்லை" என்று எழுதி அனுப்பினேன். அடுத்த நாளே பத்திரிகையில் வந்தது. அந்தச் செய்தியில் இன்றைக்கு நீ தேடினாலும் ஒரு பெயர், ஓர் எண், ஒரு கிழமை தவறாக இருக்காது.

ஒன்றரை மாதம் கழித்து, பாறை சரிந்து பாதை அடைபட்டதை எழுத அதே பக்கம் போனேன். தேயிலைக் கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு பெண் என்னை நிறுத்தினாள். பெயர் பேச்சியம்மாள் என்று பிறகு தெரிந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும்.

"பேப்பர்ல எழுதுறவுக நீங்கதானா?"

ஆமாம் என்றேன்.

"எங்க புள்ளைக படிக்கிறதுல எங்களுக்கு ஆர்வமில்லன்னு எழுதுனீகளாம்ல. ஆபீஸ்ல வெட்டி ஒட்டி வச்சிருக்காகளாம். எங்கள்ல யாருகிட்ட கேட்டு எழுதுனீக?"

மூன்று பேரிடம் கேட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த மூன்று பேரின் முகமும் ஞாபகம் வந்தது. மூவருமே நோட்டீசுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள். நோட்டீஸ் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களில் ஒருவரைக்கூட நான் கேட்கவில்லை. சமாளிப்பாக, "நோட்டீஸ் ரெண்டு வாரம் இருந்துச்சேம்மா, நீங்க பாக்கலையா?" என்றேன்.

"எங்க இருந்துச்சு?"

"மஸ்டர் கொட்டகைப் பலகையில."

பக்கத்தில் நின்ற இன்னொரு பெண் சிரித்துவிட்டாள். பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. "வாங்க" என்று கூட்டிப் போனாள். கொட்டகைக்கு இருபது அடி தள்ளி நிறுத்தி, "எதுவும் கேக்காதீக. செத்த நேரம் பாருங்க" என்றாள். வேலை முடிந்து ஆட்கள் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். கொட்டகையின் வாசலிலிருந்து பாதைக்கு நேராக வந்தால் பலகைக்கு முன்னால்தான் வர வேண்டும். ஒருவர்கூட அப்படி வரவில்லை. எல்லாரும் வலது பக்கமாக ஒதுங்கி, அரைவட்டம் போட்டு வந்து பாதையில் ஏறினார்கள். பேசிக்கொண்டே வந்தார்கள், சிரித்துக்கொண்டே வந்தார்கள், தாங்கள் ஒதுங்குவதாகவே அவர்களுக்குத் தெரியவில்லை. அப்புறம்தான் தரையைப் பார்த்தேன். அத்தனை கால்களும் மிதித்து மிதித்து மண் தெரிந்த தடம் பலகையை விட்டு விலகி வளைந்திருந்தது. பலகைக்கு நேர் முன்னால் முழங்கால் உயரத்துக்குப் புல் முளைத்திருந்தது. நான் அந்தக் கொட்டகைக்கு அதற்கு முன் ஆறேழு முறையாவது போயிருக்கிறேன்.

"அதுல பேரு வந்தா வேலை நிப்பாட்டுனதுன்னு அர்த்தம்" என்றாள் பேச்சியம்மாள். "எங்கய்யா காலத்துலருந்து அப்படித்தான். அது முன்னால ஒருத்தி நின்னா, 'என்ன, உம்பேரு வந்துருச்சாக்கும்?'னு சாயங்காலத்துக்குள்ள லயம் பூரா கேட்டுருவாக. வெளங்காத பலகை. நீங்க அதுல சாமி வரம் தாரேன்னு எழுதி ஒட்டினாலும் ஒருத்தரும் பாக்கமாட்டோம்."

லயம் என்றால் அவர்கள் வரிசையாகக் குடியிருக்கிற வீடுகள். ஆக, அந்த வீடுகளில் இருந்த யாரும் பெயர் கொடுக்க மறுக்கவில்லை. கேட்கப்பட்டதே அவர்களுக்குத் தெரியாது. அம்மிணி, நீ கோட்டின் மேல் போட்டாயே பெருக்கல் குறி, அதில் ஒன்று அந்தப் புல். எழுத்து தெளிவு, மொழி அவர்கள் மொழி, சொன்னவர் நல்லவர். இருந்தும் செய்தி இருபது அடிக்கு முன்னால் நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்பதைச் சொல்ல வேண்டிய நான், போய்ச் சேர்ந்ததாகவும் அவர்கள் வேண்டாம் என்றதாகவும் எழுதினேன். நோட்டீஸ் மட்டும் வீணாகியிருந்தால் அடுத்த மாதம் இன்னொன்று ஒட்டியிருக்கலாம். என் செய்தியை வெட்டி ஃபைலில் வைத்து, பத்திரிகையே சொல்லிவிட்டது என்று அந்த வருடத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

சரி, எங்கே சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்கள் என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "கொழுந்து நிறுக்குற எடத்துல. யாரு கூடை எத்தனை கிலோன்னு சத்தம் போடுவாக. எழுதுறவரு ஒழுங்கா எழுதுறாரான்னு அம்புட்டுப் பேரும் காதைத் தீட்டிக்கிட்டுத்தான் நிப்போம். அங்க ஈ பறந்தாலும் கேக்கும்."

நான் வெல்ஃபேர் ஆபீசரிடம் போனேன். இது என் வேலை இல்லைதான். கொழுந்து நிறுக்கிற இடத்தில் நோட்டீஸ் படிப்பது ஆபீஸ் முறையில்லை என்றார் அவர். முறைப்படி ஒட்டியதற்கு முன்னால் முளைத்திருக்கிற புல்லை வந்து பாருங்கள் என்று அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "நான் நாலு வர்ஷமாயி இதுவழி நடக்குது சாரே" என்றார். அடுத்த நாளே மேலே எழுதி மறுபடி அவகாசம் வாங்க முயன்றார். அந்த வருடத்துக்குக் கிடைக்கவில்லை. அடுத்த வருடத்துக்குக் கிடைத்தது.

இந்த முறை நிறுவை நடக்கிற இடத்தில் சொன்னார்கள். நானும் போயிருந்தேன். வெல்ஃபேர் ஆபீசர் நின்று, நிதானமாக, நன்றாகத்தான் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். முடிந்தது என்று அவரும் நானும் கிளம்பப் பார்த்தோம். பேச்சியம்மாள் விடவில்லை. முன்னால் நின்ற பெண்ணின் தோளைத் தொட்டு, "ஏட்டி, அவுக என்ன சொன்னாக, நீ சொல்லு பாப்போம்" என்றாள்.

"அஞ்சாப்புக்குப் பேரு கொடுக்கச் சொன்னாக."

"கொடுத்தா?"

"கொடுத்தா, பெரிசானதும் புள்ளைக்குத் தோட்டத்துல வேலை எழுதிக் கொடுப்பாக."

அடுத்தவளைக் கேட்டாள். பெயர் கொடுத்தால் பிள்ளை விடுதியில்தான் தங்க வேண்டும், அதனால் தான் கொடுக்கப் போவதில்லை என்றாள் அவள். இன்னொருத்தி, பெயர் கொடுக்காதவர்களை லயத்தை விட்டுப் போகச் சொல்வார்களா என்று கேட்டாள். அந்த மூன்றையும் வெல்ஃபேர் ஆபீசர் சொல்லவே இல்லை. தலையாட்டிய தலைகளுக்குள் இவ்வளவும் இருந்தது. பேச்சியம்மாள் ஒவ்வொருத்தியிடமும் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டு, தப்பு வந்த இடத்தில் ஆபீசரை மறுபடி சொல்லவைத்து, நிறுவைக்காரர் கத்தி முடித்த பிறகும் விடாமல் நின்றாள். ஒருத்தி, "இவ என்னடி வாத்தியாரம்மா கணக்கா ஒப்பிக்கச் சொல்றா, கூடையை எறக்க விடு" என்று அலுத்துக்கொண்டாள். "எறக்கு. எறக்கிட்டுச் சொல்லு" என்றாள் இவள். அந்த வாரம் வேண்டிய அளவுக்கு மேலேயே பெயர்கள் சேர்ந்தன. வகுப்பும் தொடங்கியது.

பேச்சியம்மாளின் மகள் அந்த வகுப்பில் இல்லை. நடுவில் போன அந்த ஒரு வருடத்தில், நான்காம் வகுப்பு முடித்த பெண்ணைச் சும்மா வைத்திருக்க வேண்டாம் என்று போடிநாயக்கனூரில் தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். அந்தப் பெண் மாமன் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். "அவளைக் கூட்டிட்டு வரலாமே" என்று கேட்டேன். "அவ இப்ப படிப்ப விட்டுட்டா சார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவள் பெண்ணுக்கு உன் வயது.

இதுதான் நான் சொல்லாத கதை. மூன்று பேரிடம் சரிபார்த்தவன் என்ற பெயரோடு நான் முப்பது வருடம் ஓட்டிவிட்டேன். திரும்பி வருகிற அந்த அம்பை ஒரு முறைகூட நான் போட்டதில்லை. கொழுந்து பறிக்கிற ஒரு பெண் போட்டுக் காட்டினாள். அவளுக்கு அதற்குப் பெயர் தெரியாது, எனக்கும் தெரியாது. நம் வீட்டு முன்னறையில், செய்தித்தாள் ஓரத்தில், அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அதைப் படிக்க ஒரு வகுப்பு இருக்கிறது என்று என் மகள் சொல்லவந்தபோது, நண்பர்கள் முன்னால் அந்தப் பழைய தப்பு எழுந்து நின்றுவிடுமோ என்று பயந்து உன்னை வாயடைத்தேன். அதை நீ என் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு பரீட்சை எழுதப் போயிருக்கிறாய்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். உனக்கு எட்டு வயதிருக்கும்போது, நம் ஊர் எலப்புள்ளி வழியாகச் சினிமா விளம்பர வண்டி ஒலிபெருக்கியோடு போகும், நோட்டீசை வாரி இறைத்துக்கொண்டு. மற்ற பிள்ளைகள் பொறுக்கிச் சேர்த்து வைத்துக்கொள்வார்கள். நீ ஒரு கத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் படித்துச் சொல்வாய். பக்கத்து வீட்டு அம்மாவிடம் அது ஒரு தாய் படுகிற கஷ்டத்தைச் சொல்லும் படம். தையல்காரரிடம் சண்டைப் படம். ராவுத்தர் கடையில் அதே படம் விழுந்து விழுந்து சிரிக்கிற படம். "அம்மிணி சொல்லிப்போட்டா நான் கடையச் சாத்திட்டுப் போயிருவேனுங்க" என்று ராவுத்தர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். நான் வீட்டுக்கு வந்து, ஒரே படத்துக்கு நாலு பொய்யா என்று உன்னைத் திட்டினேன். பிறகு அந்தப் படத்தைப் பார்த்தேன். நாலும் அதில் இருந்தது. யார் எதைக் கேட்கக் காத்திருக்கிறார்கள் என்று எட்டு வயதில் பார்த்தவள் நீ. அதைத் திட்டி நிறுத்தியதும் நான்தான்.

உன் தேர்வுத்தாளைப் பற்றி உன் ஆசிரியை சொன்னதாக ஒரு வரி எழுதியிருக்கிறாய். புத்தகத்தில் இருப்பதை எல்லாம் சரியாக எழுதியிருக்கிறாய், உன் ஊரிலிருந்து ஓர் உதாரணம்கூட இல்லையா என்று கேட்டாராம். அதை நீ அவமானமாக எழுதியிருக்கிறாய். எனக்கு அது அப்படிப் படவில்லை. உனக்கு அந்தத் தாளில் குறைவது அவ்வளவுதான் என்று அவர் சொல்லியிருக்கிறார். உதாரணம் என்னிடம் இருந்தது, நான் தரவில்லை. இப்போது தந்துவிட்டேன். எடுத்துக்கொள். என் பெயரைச் சொல்லியே எழுது, தவறு செய்தவன் என் தகப்பன் என்று எழுது, எனக்கு ஒன்றுமில்லை.

ஆகவே நீ அந்தத் தாளை மறுபடி எழுத வேண்டும். டைப்பிஸ்ட் வேலை மட்டம் என்று நான் சொல்லவில்லை. அந்த ஆபீசில் நீ டைப் அடிக்கப் போவதும் நோட்டீசுகள்தான். யாரோ சொல்லச் சொல்ல அடிப்பாய், யாரோ கொண்டுபோய் ஒட்டுவார்கள், அது எந்தப் புல்லுக்குப் பின்னால் நிற்கிறது என்று கேட்க உனக்கு இடமிருக்காது. நாளைக்கு ஒரு சோப்பை விற்க எழுதினாலும், ஒரு தொழிற்சாலைக்காக ஊரோடு பேசினாலும், "நாங்கள் சொல்லிவிட்டோம்" என்று எழுந்து போகிற ஆளாக நீ ஆகக் கூடாது. அப்படிப்பட்டவர்கள் ஏற்கெனவே போதுமான பேர் இருக்கிறோம். கடைசி ஆள் திரும்பச் சொல்கிறவரை கூடையை இறக்க விடாமல் நிற்கிற ஆள் வேண்டும். அதற்குத்தான் இந்தப் படிப்பு. படிப்பை முடிக்காமல் நீ இங்கே வரக் கூடாது.

இதுவரை எழுதி, உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். பேச்சியம்மாள் ஞாபகம் வந்து, "நான் என்ன சொல்லியிருக்கறேன், நீ சொல்லு" என்று கேட்டேன். அவள் கையை உதறிவிட்டு யோசித்தாள்.

"தோத்துப்போட்டு ஊட்டுப் பக்கம் வராதேன்னு சொல்லியிருக்கறீங்க."

"அப்படியா எழுதியிருக்கறேன்?"

"ஏனுங்க, நீங்க என்ன நெனச்சு எழுதுனீங்களோ. அந்தப் புள்ள காதுல அப்படித்தானுங்க விழும். தனியா அறையில உக்காந்து படிக்குமில்லீங்க."

கடைசி வரியை அடித்துவிட்டு எழுதலாம் என்று நினைத்தேன். அடிக்கவில்லை, அது எப்படித் தவறிப் போகவிருந்தது என்பதையும் நீ பார்க்கட்டும். நான் சொல்ல நினைத்தது இது. உன் அறை அப்படியே இருக்கிறது. நீ தேறினாலும் தோற்றாலும், நாளைக்கே வண்டி ஏறினாலும், நான் பாலக்காட்டு ஸ்டேஷனில் நிற்பேன். ஆனால் நான் அன்றைக்குச் சிரித்ததற்காக மட்டும் நீ வரக் கூடாது. அந்த ஒரு காரணத்தைத்தான் நான் எடுத்துவிடப் பார்க்கிறேன். வேறு காரணம் இருந்தால் வா.

பதிலில் நலம் விசாரிப்பு வேண்டாம், சரி அப்பா என்றும் எழுத வேண்டாம். தலையாட்டுவதை நம்பி ஒரு முறை ஏமாறப் பார்த்தவன் நான். நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்பதை உன் சொற்களில் எழுது. தப்பாக இருந்தால் மறுபடி எழுதுகிறேன். அதுவும் தப்பாகப் போனால் இன்னொரு முறை. விண்ணப்பத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. தபால் மூன்று நாளில் வந்துவிடுகிறது.

அப்பா